மருந்து படாத பாத்தி

உருளைக்கிழங்குச் செடியின் இலையைத் திருப்பிப் பார்த்தால்தான் எபிலாக்னா வண்டின் மொத்தக் குடும்பமும் தெரியும். இலைக்கு மேலே ஓரிரு வண்டுகள் மேய்ந்துகொண்டிருக்கும். அவை எல்லோர் கண்ணிலும் படும். அடிப்பக்கத்தில் மஞ்சள் நிற முட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டினாற்போல் கூட்டமாகச் செங்குத்தாக நிற்கும். பக்கத்து இலையில் புழுக்கள் இருக்கும். மஞ்சள் உடம்பு முழுக்கக் கிளைவிட்ட முட்கள். இந்தப் புழு இலையைக் கடித்து ஓட்டை போடுவதில்லை. பச்சையத்தை மட்டும் வரிவரியாகச் சுரண்டி எடுக்கும். எதிர்ப்பக்கத்துத் தோல் மட்டும் வெளிச்சம் ஊடுருவும்படி மிஞ்சி நிற்கும். இரண்டொரு நாளில் அதுவும் காய்ந்து கிழிந்துவிட, நரம்புகள் மட்டும் வலைபோட்டுக் கிடக்கும்.

பொறிவண்டுகளின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் இதுவும். அந்தக் குடும்பத்தில் பெரும்பாலானவை அசுவினியையும் மாவுப்பூச்சியையும் தின்று விவசாயிக்கு உதவுகிறவை. எபிலாக்னாவும் அதன் நெருங்கிய உறவுகளும் மட்டும் இலைக்கு மாறிவிட்டன. கத்தரி, உருளை, தக்காளி, ஊமத்தை என்று கத்தரிக் குடும்பத்துச் செடிகளில் இதன் மேய்ச்சல். நல்ல பொறிவண்டின் முதுகு பளபளக்கும். எபிலாக்னாவின் முதுகில் நுண்ணிய மயிர்கள் படர்ந்திருப்பதால் செம்பு நிறம் மங்கித் தெரியும். அதில் 28 கறுப்புப் புள்ளிகள் வரை இருக்கும். இந்த வேறுபாட்டை அறியாமல் வயலில் நடமாடும் பொறிவண்டுகளையெல்லாம் நசுக்கிப்போடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மருந்துக்கும் இந்த வேறுபாடு தெரியாது. பூச்சிக்கொல்லிச் சோதனையின் சிக்கல்களில் பாதி இதிலிருந்தே பிறக்கிறது.

பெங்களூரிலிருந்து வடக்கே சிக்கபள்ளாபூர், கிழக்கே கோலார், மேற்கே சுமார் 180 கிலோமீட்டரில் ஹாசன். கர்நாடகத்தின் உருளைக்கிழங்கு வயல்களில் பெரும்பகுதி இந்த வட்டத்துக்குள் அடங்கிவிடும். ஹாசனில் மே, ஜூன் மழையை நம்பி விதைக்கிழங்கு ஊன்றுகிறார்கள். கிழங்கு பஞ்சாபின் ஜலந்தரிலிருந்து லாரியில் வருகிறது. நெடுங்காலமாக அது குஃப்ரி ஜோதி ரகம்தான். 1968-ல் சிம்லாவின் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ரகம் அது. வட இந்தியச் சமவெளியில் உருளைக்கிழங்கு குளிர்காலப் பயிர்; இங்கே மழைக்காலப் பயிர். ஈரமும் மிதமான வெப்பமும் இருந்தால் செடி செழிக்கும். அதே ஈரத்திலும் வெப்பத்திலும் வண்டும் செழிக்கும். பின்கருகல் நோயும் பரவும்.

இந்த வட்டத்தின் பூச்சி ஆராய்ச்சிக்கு மையமாக இருப்பது பெங்களூரு. 1899-ல் மைசூர் அரசின் பொறுப்பில் இருந்த மகாராணி கெம்பநஞ்சம்மண்ணி ஹெப்பாளில் 30 ஏக்கர் நிலம் கொடுத்தார். அங்கே சோதனைப் பண்ணை ஒன்று தொடங்கியது. 1908-ல் கனடாவிலிருந்து லெஸ்லி கோல்மன் வந்தார். பூஞ்சை நோய், பூச்சி இரண்டையும் கவனிக்கும் அதிகாரியாக நியமிக்கப்பட்ட அவர் பின்னாளில் சமஸ்தானத்தின் வேளாண் இயக்குநர் ஆனார். 1913-ல் அதே ஹெப்பாளில் வேளாண் பள்ளி. 1964-ல் வேளாண் அறிவியல் பல்கலைக்கழகம். இன்று ஜி.கே.வி.கே. என்று ஊரே அறிந்த அதன் வளாகம் பெல்லாரி சாலையில் இருக்கிறது. அதே சாலையில் ஹெப்பாளில் தேசிய வேளாண் பூச்சி வளங்கள் ஆய்வகமும் இருக்கிறது. வண்டைக் கொல்லும் வழியையும், வண்டைத் தின்னும் உயிர்களைக் காக்கும் வழியையும் ஒரே சாலையில் ஆராய்கிறார்கள்.

ஒரு மருந்து வண்டைக் கொல்கிறதா என்று கண்டுபிடிப்பதில் என்ன கஷ்டம்? அடித்துவிட்டு மறுநாள் போய்ப் பார்த்தால் தெரிந்துவிடாதா? கடைக்காரரும் விவசாயியும் அப்படித்தான் முடிவு செய்கிறார்கள். ஆனால் மறுநாள் செத்துக் கிடக்கும் புழு எதனால் செத்தது என்று யார் சொல்வது? ராத்திரி அடித்த மழை அதை இலையிலிருந்து கீழே தள்ளியிருக்கலாம். குளவி உள்ளே முட்டையிட்டிருக்கலாம். வளர்ச்சி முடிந்து கூட்டுப்புழுவாகி ஒட்டிக்கொண்டிருப்பதையே செத்ததாக எண்ணியிருக்கலாம். இவற்றையெல்லாம் பிரித்துச் சொல்ல ஒரே வழி, பக்கத்திலேயே மருந்து படாத பாத்தி ஒன்றை விட்டுவைப்பது. ஆய்வாளர்கள் அதை ‘கன்ட்ரோல்’ என்பார்கள். பூச்சிக்கொல்லிச் சோதனையில் ஆகப் பெரிய தகவலைத் தருவது மருந்து எதுவும் அடிக்காத அந்தப் பாத்திதான் என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் வயலுக்குச் சொந்தக்காரர் வருத்தத்தோடு பார்ப்பதும், இடமில்லை என்றால் முதலில் கைவிடப்படுவதும் அதுவேதான்.

முதல் கட்டம் ஆய்வகத்தில் நடக்கும். புத்தம் புது இலையை வட்டமாக வெட்டி, மருந்துக் கரைசலில் சில நொடிகள் முக்கி, நிழலில் உலர்த்துவார்கள். ஈரமான வடிதாள் விரித்த கண்ணாடித் தட்டில் இலையை வைத்து, சில மணி நேரம் பட்டினி போட்ட புழுக்களைப் பத்துப் பத்தாக விடுவார்கள். எல்லாம் ஒரே வயதுப் புழுக்களாக இருக்க வேண்டும். இளம்புழு சாகும் அளவுக்குக் கடைசிப் பருவப் புழு அசைந்துகூடக் கொடுக்காது. 24, 48, 72 மணி நேரத்தில் எண்ணிக்கை. மெல்லிய தூரிகையின் நுனியால் புழுவைத் தொட்டுப் பார்ப்பார்கள். கால் அசைந்தால் உயிருடன் இருப்பதாகக் கணக்கு. பல செறிவுகளில் இதைச் செய்து, பாதிப் புழுக்கள் சாகும் செறிவைக் கணக்கிடுவார்கள். அந்த எண்தான் மருந்துகளை ஒப்பிட உதவும் அளவுகோல்.

வெறும் தண்ணீரில் முக்கிய இலையைத் தின்றும் சில புழுக்கள் சாகும். பிடித்து வரும்போது பட்ட காயம், தட்டின் புழுக்கம், ஏதோ நோய், காரணம் எதுவாகவும் இருக்கலாம். 1925-ல் அமெரிக்காவின் டபிள்யூ. எஸ். ஆபட் இதைக் கழிக்க ஒரு எளிய சூத்திரம் கொடுத்தார். மருந்துத் தட்டில் நூற்றுக்கு 60 புழு, தண்ணீர்த் தட்டில் 40 புழு செத்தன என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் பிழைத்தவை 60. மருந்து கொன்றது அந்த 60-ல் 20-ஐ மட்டும்தான். ஆக, அதன் திறன் 60 சதவீதம் இல்லை, 33 சதவீதம். உண்மையில் தண்ணீர்த் தட்டிலேயே 20 சதவீதத்துக்கு மேல் செத்துவிட்டால் அந்தச் சோதனையைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி தொடங்குவதுதான் வழக்கம். வாரக்கணக்கில் வளர்த்த புழுக்கள் வீணாகும். வேறு வழியில்லை.

வயலுக்கு வந்தால் கணக்கு இன்னும் கடினம். ஒரு மூலையில் மண் கறுப்பு, மறு மூலையில் சரளை. வரப்போரம் ஊமத்தை முளைத்திருந்தால் வண்டு அங்கிருந்துதான் முதலில் நுழையும். வரப்போரப் பாத்திகளுக்கு ஒரு மருந்தையும் நடுப்பாத்திகளுக்கு இன்னொன்றையும் அடித்தால் நடுவில் அடித்ததே வெல்லும். அதில் மருந்தின் திறமை எதுவும் இருக்காது. அதனால் வயலைச் சில தொகுதிகளாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு தொகுதியிலும் எல்லா மருந்துகளும், மருந்தில்லாப் பாத்தியும் ஒரு முறை வரும். எந்தப் பாத்திக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்கள். ஆய்வாளரின் விருப்பம் அதில் தலையிடக் கூடாது.

இந்தச் சிந்தனைக்கும் உருளைக்கிழங்குக்கும் பழைய உறவு உண்டு. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆராய்ச்சிப் பண்ணையில் 1919-ல் ரொனால்டு ஃபிஷர் என்ற கணிதர் வேலைக்குச் சேர்ந்தார். விளைச்சலில் தெரியும் ஏற்றத்தாழ்வில் எவ்வளவு உரத்தால் வந்தது, எவ்வளவு ரகத்தால் வந்தது, எவ்வளவு மண்ணின் போக்கால் தற்செயலாக வந்தது என்று பிரித்துக் காட்டும் முறையை அவர் உருவாக்கினார். வினிஃப்ரெட் மெக்கன்சியுடன் சேர்ந்து அதை 1923-ல் ஒரு சோதனைக்குப் பொருத்தி வெளியிட்டார். 12 உருளைக்கிழங்கு ரகங்களுக்கு வெவ்வேறு உரம் இட்ட சோதனை அது. இன்று மருத்துவம் முதல் உளவியல் வரை எல்லாத் துறையும் பயன்படுத்தும் மாறுபாட்டுப் பகுப்பாய்வின் தொடக்கம் ஒரு உருளைக்கிழங்கு வயலில் இருக்கிறது. சீட்டுக் குலுக்கிப் பாத்தி ஒதுக்க வேண்டும் என்று உலகுக்கு வலியுறுத்தியவரும் ஃபிஷர்தான். ஜி.கே.வி.கே.யின் முதுகலை மாணவர் தன் ஆய்வேட்டில் போடும் அட்டவணைகள் அந்தக் கிழங்குகளின் வழி வந்தவை.

பாத்தியில் இறங்கிப் பார்ப்போம். 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம். வரிசைக்கு வரிசை 60 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 20. ஹெக்டேருக்கு 500 லிட்டர் கரைசல் என்று எடுத்துக்கொண்டால் 20 சதுர மீட்டர் பாத்திக்கு வருவது ஒரே ஒரு லிட்டர். இமிடாகுளோப்ரிட் மாதிரியான மருந்தை லிட்டருக்கு 0.3 மில்லி கலக்க வேண்டுமானால் மூடியில் ஊற்றி அளக்க முடியாது. பிப்பெட்டில் உறிஞ்சிக் கண்மட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். முதலில் வெறும் தண்ணீர் அடிக்கும் மருந்தில்லாப் பாத்தி, பிறகு வேப்பங்கொட்டைக் கரைசல், கடைசியில் வீரியமான மருந்துகள். ஒவ்வொன்றுக்கும் நடுவே டேங்க்கையும் நாசிலையும் சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும். காற்று எழுமுன் காலையிலேயே முடிக்க வேண்டும். பக்கத்துப் பாத்திக்குச் சாரல் போகாமல் இரண்டு பேர் பிளாஸ்டிக் திரை பிடித்துக்கொண்டு கூடவே நகர்வார்கள். பின்கருகலுக்கான மான்கோசெப் போன்ற பூஞ்சணக்கொல்லியை எல்லாப் பாத்திக்கும் ஒரே நாளில் ஒரே அளவில் அடித்தாக வேண்டும். இல்லையென்றால் கடைசியில் கிழங்கு எடை கூடியது வண்டு செத்ததாலா, கருகல் நின்றதாலா என்று யாராலும் சொல்ல முடியாது.

எண்ணுவதற்கும் ஒரு நேரம் உண்டு. செடியைத் தட்டினால் வண்டு காலை மடக்கிக்கொண்டு பொத்தென்று கீழே விழுந்து செத்ததுபோல் கிடக்கும்; கையில் எடுத்தால் மூட்டுகளிலிருந்து மஞ்சள் திரவத்தைக் கசிய விடும். வெயில் ஏறிவிட்டால் பறந்துவிடும். அதனால் பனி காயுமுன் போய், பாத்திக்குப் பத்துச் செடிகளைத் தேர்ந்து, செடியைக் குலுக்காமல் இலை இலையாகத் திருப்பி எண்ணுவார்கள். மருந்தடிக்கும் முந்தின நாள் ஒரு எண்ணிக்கை. அடித்தபின் 1, 3, 7, 14-ஆம் நாட்களில் மறுபடி.

அப்போது கிடைக்கும் எண்களை எப்படிப் படிப்பது? மருந்துப் பாத்தியில் முன்பு 40 புழு இருந்தது, ஏழாம் நாள் 10. 75 சதவீதம் குறைந்துவிட்டது என்று துண்டறிக்கை அச்சடிக்கத் தோன்றும். மருந்து படாத பாத்தியைப் பாருங்கள்: அங்கேயும் முன்பு 40, ஏழாம் நாள் 20. ஒன்றுமே செய்யாமல் பாதி போய்விட்டது. மருந்து அடிக்காமல் இருந்தாலும் அந்தப் பாத்தியில் 20-தான் மிஞ்சியிருக்கும். மருந்து அதை 10 ஆக்கியிருக்கிறது. உண்மையான திறன் 50 சதவீதம். சி. எஃப். ஹென்டர்சனும் இ. டபிள்யூ. டில்டனும் 1955-ல் தந்த சூத்திரம் இந்தக் கணக்கைத்தான் செய்கிறது. அந்த ஒரு பாத்தி இல்லாமல் போயிருந்தால் 25 சதவீதப் பொய் அச்சில் ஏறியிருக்கும். அதை நம்பி யாரோ ஒரு விவசாயி காசு கொடுத்திருப்பார்.

அந்த இருபது எங்கே போயின என்று தேடும்போதுதான் எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த பகுதி தொடங்குகிறது.

மருந்து படாத பாத்தியில் சில புழுக்கள் நிறம் மாறி, விறைத்துப்போய் இலையோடு ஒட்டிக் கிடக்கும். தொட்டால் நொறுங்கும். அந்தப் பழுப்புக் கூட்டை ஒரு குப்பியில் போட்டுப் பஞ்சால் அடைத்து வைத்தால், சில நாட்களில் அதன் தோலில் வட்டமாக ஒரு ஓட்டை விழுந்து, எள்ளைவிடச் சிறிய கறுத்த குளவிகள் வரிசையாக வெளியே வரும். ஒரே புழுவிலிருந்து பத்து இருபது வரும். பீடியோபியஸ் ஃபோவியோலேட்டஸ் என்பது அதன் பெயர். தாய்க் குளவி புழுவின் உடம்புக்குள் முட்டையிடும். குஞ்சுகள் உள்ளிருந்தே தின்று வளரும். மருந்தடித்த பாத்தியில் இந்தக் கூடுகளைத் தேடிப் பாருங்கள். அகலமாகக் கொல்லும் மருந்தாக இருந்தால் அநேகமாக ஒன்றும் கிடைக்காது. குளவியும் செத்திருக்கும், அதற்கு உணவான புழுவும் இருக்காது. பத்து நாள் கழித்து வெளியிலிருந்து புதிய வண்டுகள் வந்து முட்டையிடும்போது அவற்றைத் தடுக்க அந்தப் பாத்தியில் யாரும் இருக்க மாட்டார்கள்.

இந்தக் குளவிக்கு ஒரு வெளிநாட்டுப் பயணமும் வாய்த்தது. அமெரிக்காவில் அவரையினப் பயிர்களை அழிக்கும் மெக்சிகன் பீன் வண்டு எபிலாக்னாவின் உறவு. அதற்கு எதிரி தேடிய அமெரிக்க வேளாண் துறை 1966-ல் இந்தியாவிலிருந்து பீடியோபியஸைக் கொண்டுபோனது. முன்பின் பார்த்தறியாத அந்த வண்டின் புழுக்களை இந்தக் குளவி உடனே ஏற்றுக்கொண்டது. அங்கே குளிர்காலத்தில் புழுவே இருக்காது; வண்டுகள் மட்டும் ஒளிந்து உயிர் பிழைக்கும். முட்டையிடப் புழு கிடைக்காமல் குளவி அழிந்துவிடும். அதனால் ஒவ்வோர் ஆண்டும் ஆய்வகத்தில் வளர்த்துப் புதிதாக விடுகிறார்கள். தோட்டக்காரர்கள் காசு கொடுத்து வாங்குகிறார்கள். நம் வயல்களில் அது வருடம் முழுக்கச் சும்மா கிடைக்கிறது. அதை எண்ணிப் பார்க்காத சோதனை அரைகுறைச் சோதனை என்றுதான் நான் சொல்வேன். ஒரு மருந்தைப் பரிந்துரைக்குமுன் அது வண்டுக்கு எவ்வளவு நஞ்சு, குளவிக்கு எவ்வளவு நஞ்சு என்ற இரண்டு எண்களும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். பைரித்ராய்டு வகை மருந்தை அடித்த உருளை வயலில் வண்டு குறைந்து அசுவினி பெருகுவது உலகம் முழுக்கக் கண்ட ஒன்று. அசுவினி பெருகினால் அதோடு வைரஸ் நோயும் வரும். வண்டை மட்டும் எண்ணுகிறவருக்கு இது வெற்றியாகத் தெரியும்.

சாகிறதா என்ற ஒரே கேள்வியோடு நின்றால் எங்கே போய் முடியும் என்பதற்கு அமெரிக்காவின் கொலராடோ வண்டு சாட்சி. ராக்கி மலையடிவாரத்தில் காட்டுச் செடி தின்றுகொண்டிருந்த இந்த மஞ்சள் கறுப்பு வரி வண்டு, குடியேறிகளின் உருளை வயல்கள் நெருங்கி வந்ததும் அதற்குத் தாவியது. 1859-ல் நெப்ராஸ்காவில் பயிரை அழித்தது. 1874-ல் அட்லாண்டிக் கரை. 1860-களில் சுவருக்குப் பூசும் பச்சைச் சாயமான பாரிஸ் கிரீனை, ஆர்சனிக் கலந்த அந்த நஞ்சை, விவசாயிகள் செடிமேல் தூவத் தொடங்கினார்கள். பெரிய அளவில் பூச்சிக்கொல்லி அடிக்கும் பழக்கம் பிறந்ததே இந்த வண்டால்தான் என்று சொல்லலாம். பிறகு டி.டி.டி. வந்தது, 1950-களின் தொடக்கத்திலேயே அதைத் தாங்கும் வண்டுகள் நியூயார்க்கின் லாங் ஐலண்டில் தோன்றிவிட்டன. ஒன்றன்பின் ஒன்றாக 50-க்கும் மேற்பட்ட மருந்துகளை இந்த இனம் உலகின் ஏதோ ஒரு மூலையில் தாங்கிக் காட்டியிருக்கிறது. கத்தரிக் குடும்பத்துச் செடிகளின் இயற்கை நஞ்சையே உண்டு செரித்துப் பழகிய உடம்பு அது. ஒரு பெண் வண்டு நூற்றுக்கணக்கில் முட்டையிடும். தப்பித்த சிலவற்றின் பிள்ளைகள் அடுத்த பருவத்தில் வயலை நிரப்பிவிடும். 2023 டிசம்பரில் அமெரிக்க அரசு அனுமதித்த லெட்புரோனா என்ற மருந்து முற்றிலும் புதிய வகை: வண்டின் ஒரு மரபணுவின் செயலை ஆர்.என்.ஏ. கொண்டு அடக்குவது. அதையும் தாங்கும் வண்டு வருமா என்று இப்போதே கண்காணிக்கிறார்கள்.

கொலராடோ வண்டு இந்தியாவில் இல்லை. வெளிநாட்டுக் கிழங்கோடு நுழைந்துவிடாதபடி தாவரத் தனிமைக்காப்பு விதிகள் தடுக்கின்றன. ஆனால் எபிலாக்னாவும் அதே கத்தரிக் குடும்பத்து இலையைத் தின்று வளர்ந்த வண்டுதான். ஒரே மருந்தைப் பருவத்துக்குப் பருவம் திருப்பித் திருப்பி அடித்தால் அதே பாடத்தை அதுவும் படிக்கக்கூடும். ஆய்வகத்தில் மருந்தே படாத வண்டுகளைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்து வைத்திருப்பது இதற்காகவும்தான். வயலில் பிடித்த வண்டு அவற்றைவிட எத்தனை மடங்கு தாங்குகிறது என்று ஒப்பிட்டால் ஆபத்து முன்கூட்டியே தெரியும்.

சரி, மருந்து வேலை செய்கிறது, குளவியையும் விட்டுவைக்கிறது என்றே இருக்கட்டும். அடிக்கத்தான் வேண்டுமா? உருளைக்கிழங்குச் செடிக்குத் தாங்கும் சக்தி அதிகம். பூப்பதற்கு வெகுமுன்னால் கொஞ்சம் இலை போனால் புதிது விட்டு ஈடுகட்டிவிடும். அறுவடை நெருங்கியபின் இலை போனாலும் கிழங்குக்குப் பெரிய நஷ்டமில்லை. நடுவே, கிழங்கு பிடித்துப் பருக்கும் வாரங்களில் இலை போனால்தான் அடி பலமாக விழும். இலை கந்தலாகத் தெரிவதும் விளைச்சல் குறைவதும் ஒன்றாகவே நடக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் நல்ல சோதனை அறுவடையில் முடியும்: ஒவ்வொரு பாத்தியின் கிழங்கையும் தோண்டி, மண் உதறி, விற்கத் தகுந்தது தகாதது என்று பிரித்து நிறுத்து, மருந்துச் செலவையும் கூலியையும் கழித்துப் பார்ப்பார்கள். புழு 90 சதவீதம் குறைந்தும் விளைச்சலில் வேறுபாடே இல்லாத பாத்திகள் இப்படித்தான் தெரிய வருகின்றன. அந்த முடிவுகள் வெளியே வருவது குறைவு. விற்க எதுவும் இல்லாத முடிவைச் சொல்லித்தர யாருக்கும் அவசரமில்லை. ஆனால் ஹாசன் விவசாயிக்கு அதைவிட லாபமான செய்தி கிடையாது.

அடிக்கிறவரின் உடம்பும் இந்தக் கணக்கில் சேர வேண்டும். 1968-ன் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்கீழ் விற்பனைக்கு வரும் ஒவ்வொரு டப்பாவிலும் நிற முக்கோணம் இருக்கும். சிவப்பு மிகக் கொடியது. பிறகு மஞ்சள், நீலம், பச்சை என்று இறங்கும். வேர்ப்புழுவுக்கென்று பல ஆண்டுகள் வயலில் தூவிய ஃபோரேட் குருணை சிவப்பு முக்கோணத்தைச் சேர்ந்தது. 2018-ல் வந்த அரசாணை அதை 2020 டிசம்பர் 31-உடன் நிறுத்தச் சொன்னது.

வேர்ப்புழு என்று சொன்னதும் சோதனையின் போக்கே மாறிவிடுகிறது. ஹோலோட்ரிக்கியா செர்ரேட்டா என்ற பழுப்பு வண்டின் குஞ்சு அது: வளைந்து கிடக்கும் கொழுத்த வெள்ளைப் புழு, தலை மட்டும் செம்பழுப்பு. கன்னடத்தில் கொண்ணெ ஹுளு என்பார்கள். நிலக்கடலை, கரும்பு வேர்களைத் தின்பது, உருளைக்கிழங்கையும் விடுவதில்லை. கிழங்கில் அகலமான ஆழமற்ற குழிகளைக் குடைந்துவிடும். எடை பெரிதாகக் குறையாது, மண்டியில் விலை விழுந்துவிடும். இதன் வாழ்க்கையை நுணுகி ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்தின் ஜி. கே. வீரேஷ்; கர்நாடகத்தின் வேர்ப்புழுக்கள் பற்றி 1977-ல் நூல் வெளியிட்டவர், பின்னாளில் அங்கேயே துணைவேந்தராகவும் இருந்தார்.

வருடத்தின் பெரும்பகுதியை மண்ணுக்குள் கழிக்கும் இந்தப் பூச்சி, கோடையின் முதல் நல்ல மழைக்குப் பிறகு அந்தி மயங்கும் நேரத்தில் வண்டாக வெளிவந்து வேம்பு முதலிய மரங்களில் கூடும். இரவெல்லாம் தழை தின்று, இணைசேர்ந்து, விடியுமுன் மண்ணுக்குத் திரும்பி முட்டையிடும். ஹாசனில் கிழங்கு ஊன்றுவதும் அதே மழையில்தான். செடி கிழங்கு பிடிக்கும் ஜூலை, ஆகஸ்டில் புழு கடைசிப் பருவத்தை எட்டியிருக்கும். அந்த நேரத்தில்தான் சேதம் தெரியும். அந்த நேரத்தில்தான் விவசாயி கடைக்கு ஓடுவார். அந்த நேரத்தில் புழுவைக் கொல்ல அநேகமாக எந்த மருந்தாலும் முடியாது. உடம்பு பெருத்துவிட்டது; ஒரு சாண் மண்ணுக்குக் கீழே இருக்கிறது. ஜூனில் நன்றாக வேலை செய்த மருந்தே ஆகஸ்டில் தோற்கும். சோதனை அறிக்கையில் மருந்தின் பெயரைவிட அடித்த தேதியை நான் முதலில் தேடுவது இதனால்தான்.

இரசாயனத்துக்கு மாற்றாக ஒரு உயிருள்ள மருந்தும் இங்கே சோதனைக்கு வந்தது. ஹெட்டெரோராப்டைட்டிஸ் இண்டிகா என்ற நூற்புழு. கண்ணுக்கு எளிதில் தெரியாத இதை 1992-ல் கோயம்புத்தூரிலிருந்து புதிய இனமாக விவரித்தார்கள். மண்ணில் நீந்திப்போய்ப் பூச்சியின் உடல் துளைகள் வழியே நுழையும். தன் குடலில் சுமந்து வந்த பாக்டீரியாவை உள்ளே விடும். ஓரிரு நாளில் பூச்சி சாகும். இறந்த புழு செங்கல் நிறமாகச் சிவக்கும். இருட்டறையில் கண் பழகும்வரை காத்திருந்தால் பாக்டீரியாவின் மங்கிய ஒளியும் தெரியும். மற்ற காரணங்களால் செத்த புழுவிலிருந்து இதைப் பிரித்துக் காண அந்த நிறமே போதும். ஹெப்பாள் ஆய்வகம் இந்த நூற்புழுவை நீரில் கரையும் தூளாக்கி, தயாரிப்பு முறையை நிறுவனங்களுக்கும் வழங்கியது.

இதற்கான சோதனை விதிகள் வேறு. வெயில் பட்டால் நூற்புழு சாகும், மண் காய்ந்தாலும் சாகும். அதனால் மாலையில், ஈரமான மண்ணில் விட வேண்டும். ஒப்பீட்டுப் பாத்திக்கும் அதே அளவு தண்ணீர் ஊற்ற வேண்டும், நூற்புழு இல்லாத வெறும் தூளையும் தனியாக ஒரு பாத்தியில் போட்டுப் பார்க்க வேண்டும். மண்ணைத் தோண்டாமல் புழுவை எண்ண முடியாது; தோண்டினால் பாத்தி கெட்டுவிடும். வேர்ப்புழு வயலில் சீராகப் பரவியும் இருப்பதில்லை. வேப்பமரத்தடிப் பக்கம் குவியலாக இருக்கும், நாலு பாத்தி தள்ளினால் ஒன்றுகூட இருக்காது.

20 சதுர மீட்டர் பாத்திக் கணக்கு இந்த இடத்தில் உடைந்துவிடுகிறது. ஒருவர் தன் வயலில் ஒரு புழுகூட மிஞ்சாமல் கொன்றாலும், அடுத்த மே மாதம் பக்கத்துத் தோட்டத்து வேம்பிலிருந்து வண்டுகள் பறந்து வந்து முட்டையிடும். இந்த வண்டுக்கு எதிராக இன்றுவரை சொல்லப்படும் மிக எளிய முறை, முதல் மழை பெய்த சில இரவுகளில் ஊரார் சேர்ந்து மரக்கிளைகளை உலுக்கி, விழும் வண்டுகளை மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரில் போட்டு அழிப்பது. ஒவ்வொரு பெண் வண்டும் முட்டையிடுமுன் போய்விடும். குருணைக்கும் கரைசலுக்கும் செலவில்லை. இதை முறையாகச் சோதிக்க வேண்டுமானால் ஒரு கிராமத்தையே ஒரு பாத்தியாகக் கொள்ள வேண்டும். சில கிராமங்களில் வண்டு பொறுக்குவது, சிலவற்றில் அதோடு நூற்புழுவும் விடுவது, சிலவற்றை அப்படியே விட்டுவிடுவது. எது எந்தக் கிராமம் என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுப்பது. மூன்று நான்கு மழைக்காலம் தொடர்ந்து கிழங்கின் குழிகளை எண்ணுவது. ஒன்றும் செய்யாமல் விடப்படும் கிராமத்து விவசாயிகளுக்கு நஷ்டஈடு தருவதற்கான பணத்தை முதல் நாளிலேயே திட்டச் செலவில் சேர்த்துவிட வேண்டும். மருந்துக்கு ஒதுக்கும் தொகையைவிட அது அதிகமானாலும் சரி.